அலமாரியில் 137 அழைப்பிதழ்கள்

என் திருமணத்துக்காக அச்சிட்ட அழைப்பிதழ்களில் 137, ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், அச்சகத்திலிருந்து வந்த அதே பெட்டியில் கிடந்தன. சென்ற ஆண்டு தங்கையின் திருமணம் நிச்சயமானபோது, அழைப்பிதழ் வேலையை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். சொன்ன அன்று இரவே அந்தப் பெட்டியை இறக்கி ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் எண்ணிக்கையை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அச்சிட்டவை 500, கொடுத்தவை 363. கொடுத்தவற்றிலும் பல, கையில் மிகுதியாக இருக்கிறதே என்று ஒரே வீட்டுக்கு இரண்டாகப் போனவை.

என் திருமணத்தின்போது நான் பணத்தை மிச்சப்படுத்தியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு அச்சகங்களில் விலை கேட்டு, ஒன்றின் விலையை மற்றொன்றில் சொல்லி, ஓர் அட்டைக்கு இவ்வளவு என்று குறைத்துப் பேசி, அதில் பெருமையும் பட்டேன். ஆனால் அச்சகத்தின் மேசைக்கு முன்னால் உட்காரும் நேரத்தில் அழைப்பிதழின் செலவு பெரும்பாலும் முடிவாகிவிட்டிருக்கிறது என்பதைத் தங்கையின் திருமணத்தின்போதுதான் புரிந்துகொண்டேன். எத்தனை வேண்டும், எந்த அளவில் வேண்டும், எத்தனை தாள்கள் சேர்ந்து ஓர் அழைப்பிதழ் ஆகிறது என்ற மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். பேரம் பேசிக் குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகு எஞ்சும் சிறு பகுதியில்தான்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பெரிய தவறு அதில்தான் இருந்தது. என் திருமணத்துக்கு நாங்கள் எழுதியது ஆட்களின் பட்டியல். அதில் 480 பெயர்கள் வந்தன, முழு எண்ணாக இருக்கட்டும் என்று 500 அச்சிட்டோம். அழைப்பிதழ் ஆளுக்கு ஒன்று போவதில்லை, வாசலுக்கு ஒன்று போகிறது என்ற எளிய செய்தி அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தங்கைக்காகப் பட்டியல் எழுதியபோது, ஒரு வரிக்கு ஒரு வாசல் என்று வைத்துக்கொண்டு, அந்த வாசலுக்குள் எத்தனை பேர் என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன். ஆட்களின் கணக்கு விருந்துக்குப் பயன்படும், வாசல்களின் கணக்கு அச்சுக்குப் பயன்படும். 412 பேர் 176 வாசல்களாகச் சுருங்கினார்கள். அவர்களில் 38 வாசல்கள், தங்கையோடும் மாப்பிள்ளையோடும் தொலைபேசியில் மட்டுமே தொடர்பில் இருக்கும் நண்பர்களும் அலுவலகத் தோழர்களுமாக இருந்ததால், அவர்களுக்கு அச்சு வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று இருவருமே சொன்னார்கள். மீதம் 138. மறந்துபோன பெயர்களுக்கும், கசங்கிப்போகும் பிரதிகளுக்கும், ஒரே வீட்டில் இருந்தாலும் தனியாக ஒன்று கொடுத்தால் மகிழும் மூத்தவர்களுக்கும் சேர்த்து 22 கூட்டி, 160 என்று முடித்தோம்.

இந்த 22 வீண் செலவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு 15 பிரதிகள் மட்டும் வேண்டும் என்று மீண்டும் அச்சகத்துக்குப் போவதுதான் அழைப்பிதழ் விஷயத்தில் மிகவும் விலை கூடிய பயணம். ஏன் என்பது அச்சு முறையைப் பொறுத்தது.

ஆஃப்செட் முறையில் முழு வண்ணத்தில் அச்சிட வேண்டுமானால் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளுக்கும் நான்கு பிளேட்டுகள், அதாவது அச்சுத் தகடுகள், செய்ய வேண்டும். அவற்றைப் பொறியில் பூட்டி, நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள்களை ஓட்டிப் பார்த்து, அந்தத் தாள்களை வீணாக்கிய பிறகுதான் முதல் நல்ல பிரதி வெளியே வரும். ஆகையால் செலவின் பெரும்பகுதி அந்த முதல் பிரதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது, அதன்பின் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் தாளும் மையும்தான் செலவு. "முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஐந்நூறாகவே போட்டுவிடுங்கள்" என்று அன்று அச்சகத்தில் சொன்னது உண்மையான பேச்சுதான். ஆனால் அந்த உண்மைதான் 137 பிரதிகளை என் அலமாரிக்கு அனுப்பியது.

டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. எனவே எண்ணிக்கையைக் குறைத்தால் உண்மையிலேயே பணம் குறையும். சில நூறு பிரதிகள்வரை டிஜிட்டலும், பல நூறு, ஆயிரம் என்று போனால் ஆஃப்செட்டும் கட்டுப்படி ஆகும் என்பது பொதுவான நடைமுறை. எல்லை எங்கே விழுகிறது என்பது அச்சகத்துக்கு அச்சகம் மாறுவதால், உங்கள் எண்ணிக்கையைச் சொல்லி இரண்டு முறைக்கும் விலை கேட்பதே நல்லது. வாசல் கணக்கு எடுக்காமல் போனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

டிஜிட்டல் அச்சில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அதை எனக்குச் சொன்னவர் பொறியை இயக்கும் இளைஞர். அந்தப் பொறிகளுக்கு ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடுகிறது, அதைக் 'கிளிக்' என்கிறார்கள். வண்ணக் கிளிக்குக்கு ஒரு விலை, கறுப்புக் கிளிக்குக்கு அதைவிடக் குறைந்த விலை. அட்டையின் ஒரு பக்கத்தை வண்ணத்திலும் விவரங்கள் உள்ள மறுபக்கத்தைக் கறுப்பிலும் வைத்துக்கொண்டால் அந்தப் பக்கத்தின் செலவு இறங்கும். ஆனால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தால் போதாது. கோப்பில் அந்த எழுத்து கறுப்பு மை ஒன்றினால் மட்டும் ஆனதாக இருக்க வேண்டும். நான்கு மைகளும் கலந்த கறுப்பாக இருந்தால் பொறி அதை வண்ணமாகவே எண்ணும். அதோடு, நான்கு மைகளும் ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரம் மங்கித் தெரியும். வடிவமைப்பாளரிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும், அவருக்குப் புரியும்.

அடுத்தது அளவு. தங்கைக்குச் சதுர அட்டைதான் பிடித்திருந்தது, பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர். டிஜிட்டல் அச்சகங்களில் பெரும்பாலும் புழங்கும் தாள் எஸ்ஆர்ஏ3 எனப்படுவது, அதன் அளவு 320க்கு 450 மில்லிமீட்டர். மூன்று 150கள் சேர்ந்தால் சரியாக 450 ஆகிறது, எனவே ஒரு தாளில் ஆறு சதுரங்கள் கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பொறி தாளின் விளிம்புவரை அச்சிடாது, வெட்டுவதற்கும் இடம் வேண்டும், எனவே நான்குதான் கிடைக்கும் என்றார் அந்த இளைஞர். பிறகு, ஓரம்வரை வண்ணம் ஓடாத அட்டையாக இருந்தால் 145 ஆக்கிக்கொள்ளுங்கள், ஆறு வரும் என்றும் சொன்னார். 160 அட்டைக்கு 40 தாள்கள் தேவைப்பட்ட இடத்தில் 27 தாள்கள். ஐந்து மில்லிமீட்டர் குறைந்தால் விருந்தினர்களில் எவராவது அறிவாரா? அறிகிறவர் ஒருவர் இருந்தாலும் அவர் தச்சராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சதுரத்துக்கு உறை தேடியபோது வேறு சிக்கல் வந்தது. உறைகளில் தயார் அளவுகள் இருக்கின்றன, அந்த அளவுகள் ஏ4, ஏ5 என்று போகும் ஏ வரிசைத் தாள்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. 105க்கு 148 மில்லிமீட்டர் உள்ள ஏ6 அட்டை, 114க்கு 162 உள்ள சி6 உறைக்குள் போகும். அதன் இரு மடங்கான ஏ5 அட்டை, 162க்கு 229 உள்ள சி5 உறைக்குள் போகும். ஏ4 தாளை மூன்றாக்கினால் வரும் 99க்கு 210 அட்டை, 110க்கு 220 உள்ள டிஎல் உறைக்குள் போகும். வட அமெரிக்காவில் அங்குலக் கணக்கில் வேறு வரிசை இருக்கிறது, அங்கே 5க்கு 7 அங்குலம் பரவலான அளவு. இவற்றுக்கு வெளியே நாம் விரும்பும் அளவில் உறை வேண்டுமென்றால் அதற்கென்று வெட்டி ஒட்ட வேண்டும். அப்படிச் செய்வித்த உறை, உள்ளே போகும் அட்டையைவிட விலை கூடியதாக ஆகிவிடுவது உண்டு. சதுர உறைக்கு அஞ்சலிலும் தனித் தொல்லை. கடிதங்களைப் பிரிக்கும் பொறிகள் நீள்சதுரத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால் சில நாடுகளில் சதுர உறைக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். மெழுகு முத்திரை வைத்த உறைக்கும் அதே கதிதான்.

இந்த ஏ வரிசையின் அழகை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால், தாளை எத்தனை முறை பாதியாக்கினாலும் அதே வடிவம் கிடைக்கும் என்று ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது 1922இல் ஜெர்மனியின் தர அளவாகவும், 1975இல் உலகத் தர அளவாகவும் ஆனது. வரிசை தொடங்கும் ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஒவ்வொரு முறையும் பாதியாவதால் ஏ5 அட்டை அதில் 32இல் ஒரு பங்கு, ஏ6 அட்டை 64இல் ஒரு பங்கு. ஜிஎஸ்எம் என்று அச்சகத்தில் சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைத்தான். எனவே 300 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 அட்டையின் எடை 300ஐ 32ஆல் வகுத்தால் கிடைக்கும், ஏறத்தாழ 9.4 கிராம். அஞ்சலில் அனுப்பப் போகிறவர்கள் தராசு இல்லாமலேயே எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

என் திருமண அழைப்பிதழில் ஏ5 அளவில் மூன்று அட்டைகள் இருந்தன, அவற்றைச் சுற்றி ஒரு மடிப்பு அட்டையும் இருந்தது. அட்டைகள் மட்டுமே 28 கிராம். உறையும் மடிப்பும் சேர்ந்தபோது ஒவ்வொன்றுக்கும் அஞ்சலில் இரண்டாம் படிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பல நாடுகளில் முதல் படி 20 கிராமிலோ அதையொட்டியோ முடிந்துவிடுகிறது. தங்கைக்குக் கடைசியில் சதுரத்தை விட்டுவிட்டு, டிஎல் உறைக்குள் போகும் 99க்கு 210 அட்டையைத் தேர்ந்தோம். அதுவும் எஸ்ஆர்ஏ3 தாளில் ஆறு வருகிறது. எடை 6.2 கிராம், உறை சுமார் 5 கிராம். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே அதே தாளில் வெட்டிய வெறும் அட்டையை உறைக்குள் வைத்து அஞ்சலகத்தில் கொடுத்து நிறுத்துப் பார்த்தேன். அச்சிட்ட பிறகு நிறுப்பதால் தெரிந்துகொள்ளலாமே தவிர, எதையும் மாற்ற முடியாது.

மூன்று அட்டைகள் ஓர் அட்டையாக எப்படி ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். என் அழைப்பிதழில் ஓர் அட்டை திருமணத்துக்கு, ஓர் அட்டை வரவேற்புக்கு, ஓர் அட்டை வழி காட்டும் வரைபடத்துக்கு. திருமணமும் வரவேற்பும் ஒரே இடத்தில், ஒரே நாளில். ஏன் இரண்டு அட்டைகள் என்று இன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டால், மாதிரிப் புத்தகத்தில் அப்படி இருந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. தங்கையின் அழைப்பிதழில் ஒரே அட்டையின் இரு பக்கங்களிலும் எல்லாம் அடங்கின. வரைபடத்துக்குப் பதிலாக ஒரு கியூஆர் குறியீடு வைத்தோம். அதிலும் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் குறியீடு செய்து தரும் சேவைகள் சில, தங்கள் தளம் வழியாகச் சுற்றிப் போகும் இணைப்பைத் தருகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் அந்த இணைப்பு இறந்துவிடும், அட்டையில் அச்சானது அச்சானதுதான். ஆகவே வரைபடத்தின் நேரடி இணைப்பையே குறியீடாக மாற்ற வேண்டும். அளவு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமலும், சுற்றிலும் வெற்றிடம் விட்டும், வெளிர்நிறத்தின்மேல் அடர்நிறமாகவும் இருக்க வேண்டும். அப்புறம், முகவரியை எழுத்திலும் முழுமையாக அச்சிட வேண்டும், ஏனென்றால் குறியீட்டைப் படிக்கத் தெரியாத பெரியவர்களே சரியான நேரத்துக்கு முதலில் கிளம்புகிறவர்கள்.

தாளைப் பற்றி அச்சகத்தில் பேசும்போது எல்லாரும் ஜிஎஸ்எம் எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் 350 வேண்டும் என்று அடம்பிடித்தேன். எடை வேறு, தடிமன் வேறு. பளபளப்புப் பூச்சு உள்ள தாள் அழுத்தி இறுக்கப்பட்டது. பூச்சு இல்லாத தாள் அதே எடையில் அதைவிடத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். எனவே பூச்சில்லாத 250 ஜிஎஸ்எம் தாளைக் கையில் வாங்குகிறவர், பூச்சுள்ள 300 ஜிஎஸ்எம் தாளைவிட அதைக் கெட்டியானதென்று நினைக்கக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துத் தேர்வது நல்ல வழி. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும் என்பதால் அடர் வண்ணங்களும் ஒளிப்படங்களும் அதில் சற்று மங்கித் தெரியும். எழுத்தே முதன்மையான அழைப்பிதழுக்கு அது குறையே இல்லை, பேனாவால் பெயர் எழுதவும் வசதி.

அடர் நிறத் தாளில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வழக்கமான நான்கு மைகளில் வெள்ளை கிடையாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தாளின் நிறம். ஆகவே அடர் நிறத் தாளில் வெள்ளையோ பொன்னிறமோ வேண்டுமானால் வெள்ளை மை உள்ள தனிப் பொறியோ, வலைத் துணி வழியாக மை பூசும் ஸ்கிரீன் பிரிண்டிங்கோ, மினுக்கும் மெல்லிய படலத்தை ஒட்டும் ஃபாயிலோ தேவைப்படும், செலவு ஏறும். வெள்ளைத் தாளிலேயே பின்புலத்தை அடர்நிறமாக அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விட்டால் அதே தோற்றம் கிடைக்கும். ஆனால் அந்த அட்டையை மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடித்தே ஆக வேண்டுமானால் முதலில் மடிப்புக்கோட்டை அழுத்திப் பள்ளமாக்கும் கிரீசிங் போட வேண்டும், மடிப்பும் தாளின் நார் ஓடும் திசையில் விழ வேண்டும்.

ஃபாயில், தாளையே மேடாக்கும் எம்போஸ், எழுத்தைத் தாளில் அழுத்திப் பதிக்கும் லெட்டர்பிரஸ் போன்ற அலங்காரங்களைப் பற்றி என் மனைவிக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பொன்னிறம் இல்லாத அழைப்பிதழ் விற்பனை ரசீது போல இருக்கும் என்பது அவர் கட்சி. செலவு எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சூட்டில் ஒட்டும் ஃபாயிலுக்கு உலோகத்தில் ஒரு 'டை', அதாவது வடிவம் செதுக்கிய அச்சு, செய்ய வேண்டும். அதன் விலை பரப்பைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. பிறகு ஒவ்வோர் அட்டையும் இரண்டாவது முறையாக இன்னொரு பொறிக்குள் போக வேண்டும். ஆகவே 160 பிரதிகளுக்கு அட்டை முழுவதும் பொன் சட்டம் போடுவது, முழு டையின் விலையையும் அந்த 160இன் தலையில் ஏற்றுவதாகும். இருவரின் பெயர்களுக்கு மட்டும், ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் ஃபாயில் என்றால் டை சிறுத்துவிடும். டை இல்லாமலேயே செய்யும் வழியும் இருக்கிறது. டிஜிட்டல் அச்சில் படியும் பொடி மையான டோனரின்மேல் ஃபாயிலை வைத்துச் சூடேற்றினால், டோனர் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். தாள் வழவழப்பாக இருக்க வேண்டும், மெல்லிய கோடுகள் சில சமயம் விட்டுப்போகும். தங்கையின் அழைப்பிதழில் பெயர்கள் மட்டும் இந்த முறையில் பொன்னிறமாயின. மனைவியும் சமாதானமடைந்தார்.

லெட்டர்பிரஸ்ஸைப் பற்றி ஒரு விந்தை. எழுத்து தாளில் ஆழமாகப் பதிந்திருப்பதற்காகவே இன்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்த முறையே அன்றாட அச்சாக இருந்த காலத்தில், தாளை மை தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், பின்பக்கத்தைத் தடவினால் பள்ளம் தெரியக் கூடாது என்பதுதான் நல்ல அச்சுக்காரருக்கு அடையாளம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சுப்பாளம், தனி ஓட்டம் என்பதால் இதை விரும்புகிறவர்கள் ஒரே வண்ணத்தோடு நின்றுவிடுவது உத்தமம். எழுத்து மேடாக எழும்பி இருக்க வேண்டும் என்பது மட்டுமே ஆசையானால், ஈர மையின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூட்டில் உப்பவைக்கும் தெர்மோகிராஃபி என்ற மலிவான முறை உண்டு. செதுக்கிய தகட்டில் அச்சிட்டதுபோலவே முன்பக்கம் இருக்கும். பின்பக்கத்தில் விரலை ஓட்டினால் வித்தியாசம் தெரியும், ஆனால் அழைப்பிதழின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கும் விருந்தினரை நான் இதுவரை கண்டதில்லை.

ரிப்பன், உறைக்குள் ஒட்டும் வண்ணத்தாள், மெல்லிய ஒளிபுகும் மேலுறை ஆகியவற்றின் விலையை மட்டும் பார்த்து, மலிவுதானே என்று வாங்குகிறார்கள். ஓர் அழைப்பிதழுக்கு மூன்று நிமிடம் கைவேலை என்றால் 200க்குப் பத்து மணி நேரம். அச்சகத்தில் செய்தால் அதற்குக் கூலி உண்டு, வீட்டில் செய்தால் திருமணத்துக்கு முந்தைய வாரங்களில் யாருக்கும் இல்லாத பத்து மணி நேரத்தை எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். செதுக்கிய தகட்டில் அச்சிட்ட அழைப்பிதழ்களோடு முன்பு ஒரு மெல்லிய டிஷ்யூத் தாள் வைத்தது மெதுவாக உலரும் மை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. இன்று மை உலர்ந்தே வருகிறது, தாள் மட்டும் தங்கிவிட்டது. அதை எடுத்துவிடலாம்.

அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்புப் பார்ப்பதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. என் அழைப்பிதழில் தேதி சரியாக இருந்தது, கிழமை தவறாக இருந்தது. 500 பிரதிகளும் வந்து இறங்கிய பிறகு, பெரியப்பா ஒருவர் அட்டையைக் கையில் வாங்கி, "ஏம்பா, அன்னிக்கு வியாழக்கிழமையா?" என்று கேட்டார். கிழமையை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டு, மூன்று இரவுகள் வீட்டிலிருந்த எல்லாரும் உட்கார்ந்து ஒட்டினோம். ஒட்டியது வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை, மெய்ப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த மெய்ப்பை நாங்கள் நான்கு பேர் பார்த்திருந்தோம். நால்வருக்கும் கிழமை மனத்தில் இருந்ததால் யாரும் அட்டையில் இருந்ததைப் படிக்கவில்லை.

அதனால் இந்த முறை மெய்ப்பைத் திருமணத்தோடு தொடர்பே இல்லாத ஒரு நண்பரிடம் கொடுத்து, "எங்கே, எப்போது, யாருக்குத் திருமணம் என்று அட்டையைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக் கிழமையைச் சரிபார்த்தேன். தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்ப்பதோடு நிற்காமல் மெய்ப்பிலிருந்தே எண்களை அழுத்தி அழைத்தேன். முதல் மெய்ப்பில் இருந்த எண், என் மைத்துனர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட பழைய எண். கியூஆர் குறியீட்டைத் திரையில் சோதித்துவிட்டு, அதே தாளில் எடுத்த மாதிரிப் பிரதியிலும் மூன்று கைபேசிகளால் சோதித்தோம். தமிழில் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். யூனிகோடில் தட்டச்சிட்டு அனுப்பிய வரிகள், பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தும் கணினியிலோ தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளிலோ திறக்கப்படும்போது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அனுப்பும் முன் சரியாக இருந்தது என்பதால் திரும்பி வந்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சரிபார்த்த பிறகு எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கோப்பையே அச்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். திரையில் ஒளியால் தெரியும் வண்ணம் தாளில் மையாக விழும்போது மாறும் என்பதால், வண்ணம் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதிரிப் பிரதிக்குப் பணம் கொடுத்தே பார்த்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 38 அழைப்புகளுக்கு அச்சுக்கோப்பையே படமாக்கி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தோம். கைக்குள் பிடித்துப் படிக்கும் அட்டையில் பொருந்தும் எழுத்து, கைபேசித் திரைக்குச் சுருங்கியபோது படிக்க முடியாமல் போனது. அதே வடிவமைப்பில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி, விவரங்களைப் பாதியாகக் குறைத்து, திரையின் உயரத்துக்குத் தகுந்தபடி இன்னொரு படம் செய்யச் சொன்னோம். முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் சிறு தொகையில் முடித்துத் தருவார்கள், பிறகு தனியாகக் கேட்டால் அது புது வேலையாகிவிடும். அசையும் படமும் இசையும் சேர்த்த காணொளி அழைப்புகள் இப்போது பெருகிவிட்டன. என்னைக் கேட்டால், தேதியைத் தெரிந்துகொள்ள முப்பது வினாடி காத்திருக்க வைப்பது விருந்தினருக்குச் செய்யும் மரியாதை இல்லை. யாருக்கு அச்சு, யாருக்குத் திரை என்பதை வயதை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள், "படமா அனுப்பிடுப்பா, தேடறதுக்கு வசதி" என்று சொல்லும் மாமாக்களும் இருக்கிறார்கள்.

உறைகளை அட்டையின் எண்ணிக்கைக்குச் சமமாக வாங்கக் கூடாது. முகவரி எழுதும்போது கை தவறும், பசை ஒட்டாமல் போகும். நாங்கள் 160 அட்டைக்கு 185 உறைகள் வாங்கினோம். முகவரிகளைக் கணினியில் அச்சிட்டு ஒட்டலாம் என்று நான் சொன்னதைத் தங்கை ஏற்கவில்லை. இருவருமாக மூன்று மாலைகளில் கையால் எழுதி முடித்தோம். செலவில்லாத அலங்காரம் என்று ஒன்று உண்டென்றால் அது அழகான கையெழுத்துத்தான். எங்கள் வீட்டில் அது தங்கையிடம் மட்டும் இருந்ததால் முக்கால்வாசி உறைகளை அவளே எழுதினாள்.

தங்கையின் அழைப்பிதழுக்கு ஆன மொத்தச் செலவு, ஆறு ஆண்டு விலையேற்றத்துக்குப் பிறகும், என் அழைப்பிதழுக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அச்சகத்தில் விலையைக் குறைத்துக் கேட்கவே இல்லை. மீந்தவை 11 அட்டைகள். எஞ்சிய நல்ல உறைகளில் அவள் நன்றிக் குறிப்புகள் வைத்து அனுப்பிவிட்டாள். சதுரமா, நீளமா என்று வீட்டில் விவாதம் நடந்த நாட்களில், என் பழைய அழைப்பிதழ்களில் 12ஐ எடுத்து வெவ்வேறு அளவுகளில் வெட்டி மாதிரி காட்டியதால், அலமாரியில் இப்போது 125 இருக்கின்றன.